அப்புச்சிக்குக் கை நடுங்குகிறதா?

மூன்று வயதாகியும் பையனுக்குப் பேச்சு வரவில்லை, முகம் பார்ப்பதில்லை, கையை உதறிக்கொண்டே இருக்கிறான். ஈரோட்டிலோ கோவையிலோ மருத்துவரிடம் காட்டினால், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்பார். "எங்க கூட்டத்துலயே இல்லைங்க" என்று அப்பா வழிக் குலத்தைச் சொல்லி நிறுத்திவிட்டால் பாதிக் கேள்வி அப்படியே நிற்கிறது. இதற்கு ஒரு காரணம், அம்மா வழியில் வரும் ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபுநோயாக இருக்கலாம்.

கூட்டம் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்குவது போலத்தான், மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில் ஒய் இறங்குகிறது. எக்ஸ் அப்படியல்ல. பையனுக்கு இருப்பது ஒரே எக்ஸ், அது அம்மா கொடுத்தது. அந்த எக்ஸில் புரதம் செய்யும் மரபணுக்கள் 800-க்கு மேல். பழுதானால் அறிவுத்திறன் குறையும் என்று தெரிந்தவை மட்டும் 100-க்கு மேல். ஆகவே, பேசாத பையன் என்றால் தாய்மாமன், அப்புச்சி (அம்மாவின் அப்பா), அம்மாயி (அம்மாவின் அம்மா), சின்னம்மா, பெரியம்மா என்று அந்தப் பக்கம் முழுக்க விசாரிக்க வேண்டும்.

நாமக்கல் பக்கம் கோழி வளர்ப்பவர்களுக்கு இதே கணக்கைத் தலைகீழாகச் சொல்லலாம். கோழியில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். இறகு மெதுவாக முளைக்கும் மரபணு இசட்டில் இருக்கிறது. மெதுவாக முளைக்கும் தாயையும் வேகமாக முளைக்கும் சேவலையும் சேர்த்தால், பெட்டைக் குஞ்சுக்கு அப்பன் இசட் மட்டுமே போகும். பொரித்த அன்றே அதன் பெரிய சிறகிறகு மேலிறகைவிட நீண்டிருக்கும். சேவல் குஞ்சுக்கு இரண்டும் சமமாகவோ, பெரிய இறகு குட்டையாகவோ இருக்கும்.

பெண்ணின் உடம்பில் இரண்டு எக்ஸும் ஒரே செல்லில் முழுதாக வேலை செய்வதில்லை. கரு மிகச் சிறிதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஒன்றை மூடிவிடுகிறது. இதை 1961-இல் மரபியலாளர் மேரி லயன் சொன்னார். எதை மூடுவது என்பது செல்லுக்குச் செல் மாறும். அதனால் பெண்ணின் மூளையில் சில செல்கள் அப்பா கொடுத்த எக்ஸிலும் மற்றவை அம்மா கொடுத்த எக்ஸிலும் ஓடுகின்றன. ஒன்று பழுதானாலும் மீதிச் செல்கள் தாங்கும். எவ்வளவு தாங்கும் என்பது பெண்ணுக்குப் பெண் வேறு.

ஃப்ரஜைல் எக்ஸில் இது தெளிவாகத் தெரியும். எக்ஸில் உள்ள எஃப்.எம்.ஆர்.1 என்ற மரபணுவின் தொடக்கத்தில் சி.ஜி.ஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 44 முறை வரை இயல்பு. 45 முதல் 54 வரை இடைநிலை. 55 முதல் 200 வரை முன்நிலை. 200-ஐத் தாண்டினால் முழுநிலை, மரபணுவே மூடிக்கொள்ளும். நரம்பு இணைப்புகளில் புரத உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் புரதம் கிடைக்காது. பையனுக்கு ஈடுகட்ட வேறு எக்ஸ் இல்லை. பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே அறிவுத்திறனில் குறை தெரியும். மற்றவர்களிடம் கூச்சம், பதற்றம், கணக்கு வராமை என்று இருக்கும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையை "அமைதியான புள்ளைங்க" என்று பாராட்டிவிடுவார்கள். நோயுள்ள பெண் பிள்ளை யார் கண்ணிலும் படாமல் தவறிப்போவது அங்கேதான்.

முன்நிலையில் நடப்பது வேறு. மரபணு மூடுவதில்லை, தேவைக்கு மேல் ஆர்.என்.ஏ (மரபணுவின் நகல்) செய்து செல்லைக் கெடுக்கிறது. முன்நிலை உள்ள ஆண்களில் 50 வயதுக்கு மேல் 10-ல் 4 பேருக்குக் கை நடுக்கமும் நடை தள்ளாட்டமும் வரலாம். பெண்களில் 5-ல் ஒருவருக்கு 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோகலாம். அப்புச்சியிடம் முன்நிலை இருந்தால் மகள்கள் எல்லோருக்கும் அது போகும். மகன்களுக்குப் போகாது, தாய்மாமன் தப்பிவிடுவார். அம்மாயியிடம் இருந்தால் மாமனுக்கும் வந்திருக்கலாம். எண்ணிக்கை 200-ஐத் தாண்டுவது தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போதுதான். "சொந்தத்துல கட்டுனதால வந்தது" என்று அம்மாவைக் குற்றம் சொல்வது தவறு. இந்த நோய்க்கு உறவுமுறைக் கல்யாணம் தேவையே இல்லை.

பரிசோதனையில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. புரதம் செய்யும் பகுதிகளை வாசிக்கும் வழக்கமான எக்ஸோம் பரிசோதனையிலும், குரோமோசோம் துண்டு கூடியதா குறைந்ததா என்று பார்க்கும் மைக்ரோஅரேயிலும் இந்தத் திரும்பல் தெரியாது. ஆயிரக்கணக்கில் செலவழித்து "எல்லாம் நார்மல்" என்ற தாளோடு வருகிறவர்கள், எஃப்.எம்.ஆர்.1 சி.ஜி.ஜி திரும்பல் பரிசோதனை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஊதா மூடிக் குழாயில் 2–3 மி.லி. இரத்தம் போதும்.

இவ்வளவு பெரிய வேறுபாடு ஒரே மரபணு பழுதாகும்போதுதான். சாதாரண மூளையில் மரபணுக்கள் இயங்குவதில் ஆண் பெண் வேறுபாடு மிகச் சிறியது. 838 பேரின் 44 திசுக்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஜி.டெக்ஸ் (எந்தத் திசுவில் எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று பார்க்கும் திட்டம்) ஆய்வில், 37% மரபணுக்கள் ஏதோ ஒரு திசுவிலாவது ஆண்-பெண் வேறுபாட்டோடு இயங்கின. ஆனால் வேறுபாட்டின் அளவு பெரும்பாலும் சில விழுக்காடே. "ஆணில் தெரிந்தது, பெண்ணில் தெரியவில்லை, ஆகவே வேறுபாடு" என்று எழுதும் கட்டுரைகளை நம்ப வேண்டாம். இரண்டையும் நேராக ஒப்பிட வேண்டும். ஒரு விளைவைப் பிடிக்கத் தேவைப்படுவதைப் போல, அதே அளவுள்ள ஆண்-பெண் வேறுபாட்டைப் பிடிக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும்.

பையனுக்கு உறுதியானால் அம்மாவுக்கும் பிறகு சின்னம்மா, பெரியம்மாவுக்கும் பரிசோதனை, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே. கர்ப்பமாகிவிட்டால் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரிலோ பார்க்கலாம். நஞ்சுக்கொடித் திசுவில் மரபணு மூடியிருக்கிறதா என்ற பகுதியை அந்த வாரங்களில் நம்ப முடியாது; திரும்பல் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டப்படி பதிவுபெற்ற மையத்தில்தான் செய்வார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள். முழுநிலை என்று வந்தால், ஆண், பெண் என்ற இரண்டு வாய்ப்புகளையும் வைத்தே ஆலோசகரிடம் பேச வேண்டியிருக்கும்.