நிலம் ஓய்வில் இருக்கும் வருஷம்

ஏப்ரல் 30, 2022, சனி

பூனைக்கு வைத்தாயா என்று கேட்காமல் சவ்தா இன்றும் ஒரு வாய் வாங்கவில்லை. இங்கே இஸ்ரேலில் நான் கவனித்துக்கொள்ளும் யூதப் பாட்டி. எபிரெயத்தில் பாட்டியை சவ்தா என்பார்கள். வைத்துவிட்டேன் என்றால் போதாது. தட்டை அது நக்கும் சத்தம் காதில் விழ வேண்டும். அதன் பிறகுதான் வாய் திறக்கிறார்.

யூதர்கள் தினம் இரண்டு வேளை சொல்லும் ஷெமா ஜெபத்திலேயே இது இருக்கிறது என்கிறார். உபாகமம் 11:15. முதலில் உன் மிருகஜீவன்களுக்கு வெளியில் புல், பிறகு நீ சாப்பிட்டுத் திருப்தியாவாய். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் தல்மூத் (ரப்பிகள், அதாவது யூத மதகுருக்கள், தொகுத்த பழைய நூல்) காலத்துப் பெரியவர்கள், வளர்க்கும் பிராணிக்குப் போடாமல் தான் சாப்பிடக் கூடாது என்று சொன்னார்கள். எத்தனையோ தடவை வாசித்த வசனம். இப்போது அதில் முன்னால் நிற்கும் மாடுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

தண்ணீர் மட்டும் வேறு. அதைத் தானே முதலில் குடிப்பார். அதற்கு ரெபெக்காள் சாட்சியாம். கிணற்றடியில் முதலில் ஆபிரகாமின் வேலைக்காரனுக்குக் குடிக்கக் கொடுத்தாள், அப்புறம்தான் பத்து ஒட்டகங்களுக்கும் இறைத்தாள்.

அண்ணன் இரண்டு முறை அழைத்தான். எடுக்கவில்லை.

மே 1, ஞாயிறு

எடுத்தேன். ஊரில் இருக்கும் விளையை, எங்கள் தென்னந்தோப்பை, விற்றுவிடலாம் என்கிறான். 12 சென்ட். ஆள் தயாராம். தென்னையை எல்லாம் வெட்டி மனை போடுவார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மே 4, புதன்

போரில் இறந்த வீரர்களின் நினைவு நாள். காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் சங்கு. சவ்தா எழுந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டேன்.

மே 5, வியாழன்

பிள்ளைக்கு பிளஸ் டூ பரீட்சை தொடங்கிவிட்டது. தமிழ் சுலபமாம்.

மே 6, வெள்ளி

ஷெசெக், அதாவது லோக்வாட் பழம், பழுத்துத் தள்ளுகிறது. இலை தெரியாத அளவுக்கு மஞ்சள். போன செப்டம்பரில் ஷ்மித்தா வருஷம், நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் ஏழாம் வருஷம், பிறந்ததிலிருந்து வெளிக்கேட்டைப் பூட்டவே இல்லை. கிளை கழிக்கவில்லை, உரம் வைக்கவில்லை. மரம் சாகாத அளவுக்கு மட்டும் தண்ணீர். யார் வேண்டுமானாலும் வந்து வீட்டுக்கு வேண்டியதைப் பறித்துப் போகலாம். கூடை கூடையாக இறக்கிச் சந்தைக்குக் கொண்டுபோகத்தான் கூடாது. பக்கத்துப் பண்ணையில் வேலை செய்யும் தாய்லாந்துப் பையன்கள் இருவர் வந்தார்கள். ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தொப்பி நிறையப் பறித்தார்கள். சவ்தாவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

ராத்திரி வவ்வால்கள். பாதி தின்று கீழே போடுகின்றன. லேவியராகமம் 11-ல் தின்னக் கூடாதவற்றின் பட்டியலில் வவ்வாலும் இருக்கிறது. மனுஷனுக்கு அது அசுத்தம். ஆனால் ஏழாம் வருஷத்து விளைச்சல் யாருக்கு என்று 25-ம் அதிகாரம் சொல்லும்போது, உன் தேசத்தில் இருக்கும் காட்டு ஜீவன்களுக்கும் என்கிறது. அங்கே சுத்தம், அசுத்தம் என்ற பேச்சே இல்லை. நாம் தின்னத் தகாதது என்பதால் அதற்குப் பங்கு இல்லாமல் போகவில்லை. இந்த ஒன்றை நினைத்து ரொம்ப நேரம் ஜன்னலோரம் நின்றேன்.

சமையலறையில் தோலுக்குத் தனி வாளி. இந்த வருஷத்துப் பழம் புனிதம், தின்னத் தகுந்த எதையும் குப்பையில் எறியக் கூடாது. தானாக அழுகட்டும், அப்புறம் எறியலாம். நேற்றைய தோலின் மேல் இன்றைய தோலைப் போட்டால், அழுகினது நல்லதையும் கெடுத்துவிடும். அதனால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சின்னப் பை. நேற்றைய பையில் தோல் பழுப்பேறிச் சுருண்டு, ஓரத்தில் புளித்த வாசனை. இன்றையதில் இன்னும் ஈரம். பழத்தை மசித்துக் கொடுக்கலாமா என்று சவ்தாவின் பேரன் ஒரு ரப்பியிடம் கேட்டுச் சொன்னான். கொடுக்கலாம், மிஞ்சினதை மட்டும் வாளியில் சேர்க்க வேண்டும். மூன்று கரண்டி இறங்கியது.

மே 7, சனி

தோராவை, மோசேயின் ஐந்து புத்தகங்களை, யூதர்கள் வாரம் ஒரு பகுதியாக வாசிப்பார்கள். இந்த வாரப் பகுதி எமோர். கன்றோ குட்டியோ பிறந்தால் ஏழு நாள் தாயோடு இருக்க வேண்டும், எட்டாம் நாளிலிருந்துதான் பலிக்கு ஏற்கும். தாயையும் குட்டியையும் ஒரே நாளில் கொல்லாதே. லேவியராகமம் 22:27, 28. இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது உபாகமம் 22. கூட்டைக் கண்டால் தாயைப் போகவிட்டுவிட்டுத்தான் குஞ்சையோ முட்டையையோ எடுக்க வேண்டும். பிறகு அந்தச் சட்டம், குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே. மூன்று இடத்தில் வருகிறது.

பேரன் சொன்னான், 12-ம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் இதற்குக் காரணம் எழுதியிருக்கிறாராம். குட்டிக்காகத் தாய் படும் வேதனையில் மனுஷிக்கும் மிருகத்துக்கும் வித்தியாசமே இல்லை, ஏனென்றால் அந்தப் பாசம் புத்தியிலிருந்து வருவதல்ல. பின்னால் வந்த நாக்மனிடிஸ் என்ற இன்னொரு அறிஞர் ஒத்துக்கொள்ளவில்லையாம். கடவுளின் இரக்கம் அந்தப் பறவைமேல் அல்ல, நம் நெஞ்சு கல்லாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டளை என்கிறாராம்.

நான் மைமோனிடிஸ் பக்கம். இதில் வாதாட எனக்கு ஒன்றும் இல்லை. நெஞ்சு கல்லாகாமல் இருக்க வேண்டும், சரி. ஆனால் அந்தத் தாயின் வேதனையும் நிஜம்தானே? ஏழு நாள் என்று கணக்கு வைத்துக் கொடுத்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்.

பிள்ளை இன்று போனில் சரியாகப் பேசவில்லை. படிக்கணும் என்று வைத்துவிட்டாள்.

மே 9, திங்கள்

ராத்திரி 2 மணி. சவ்தா தூங்கவில்லை, எனக்கும் தூக்கம் இல்லை.

நோவா பேழையில் தூங்கவே இல்லையாம். தல்மூத்தில் நோவாவின் மகன் சேம் சொல்வதாக ஒரு கதை. பகலில் தின்பதற்குப் பகலில் போட்டோம், ராத்திரி தின்பதற்கு ராத்திரி போட்டோம் என்று. ஒரு பிராணிக்கு மட்டும் என்ன போடுவது என்றே நோவாவுக்குத் தெரியவில்லை. பச்சோந்தி மாதிரி ஏதோ ஒன்று. ஒருநாள் மாதுளம்பழத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது அதிலிருந்து ஒரு புழு விழ, அந்தப் பிராணி ஓடிவந்து தின்றது. அன்றிலிருந்து நோவா தவிட்டைப் பிசைந்து வைத்து, புழு வைத்ததும் அதற்குக் கொடுத்தானாம். வேதத்துக்கு ரப்பிகள் சொன்ன விளக்கங்களான மித்ராஷில் இன்னொன்று. ஒரு நாள் சாப்பாடு தாமதமானதற்கு சிங்கம் அடித்து நோவா நொண்டியானானாம்.

ஜலப்பிரளயம் என்றால் மழையும் வானவில்லும்தான் எல்லோர் நினைப்பிலும் வரும். இவர்கள் பேழைக்குள் போய், யாருக்கு எத்தனை மணிக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். உலகத்தைக் காப்பாற்றுவது என்றால் உள்ளே அதுதான் நடந்திருக்கும்.

சவ்தா எதைத்தான் விழுங்குவார் என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு ஷெசெக்.

மே 10, செவ்வாய்

கஞ்சி வேண்டாம். தயிர் வேண்டாம். தண்ணீர் கொஞ்சம்.

மே 12, வியாழன்

இதை எழுதித்தான் ஆக வேண்டும். தாயையும் குட்டியையும் பற்றி இப்படி உருகும் அதே லேவியராகமத்தில் முதல் ஏழு அதிகாரம் முழுக்கப் பலி. காளை, ஆடு, புறா. தோலை உரி, சந்துசந்தாக வெட்டு, இரத்தத்தைப் பலிபீடத்தைச் சுற்றிலும் தெளி. இரண்டையும் எப்படி ஒரே மூச்சில் வாசிப்பது?

ஆதியாகமம் 1-ல் ஆண்டுகொள் என்று சொன்ன கையோடு, அடுத்த வசனத்திலேயே உனக்கு விதை தரும் பூண்டும் கனியும்தான் ஆகாரம் என்கிறார். மிருகங்களுக்கும் பச்சைதான். ஆளலாம், தின்னக் கூடாது. பிரளயம் முடிந்துதான் மாம்சத்துக்கு அனுமதி. கூடவே ஒன்று வருகிறது. இனி பூமியின் ஜீவன்கள் எல்லாம் உன்னைக் கண்டு பயப்படும், மிரளும். இறைச்சியோடு அந்தப் பயத்தையும் சேர்த்தே கொடுத்தார். அதைச் சந்தோஷமான வசனமாக என்னால் வாசிக்க முடியவில்லை. அதே அதிகாரத்தில்தான் உடன்படிக்கையும். நோவாவோடு மட்டும் இல்லை, பறவையோடும் நாட்டு மிருகத்தோடும் காட்டு மிருகத்தோடும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

லேவியராகமம் 17 இன்னும் கடுமை. ஆசரிப்புக் கூடாரத்துக்குக் கொண்டுவராமல் மாட்டையோ ஆட்டையோ கொன்றவன்மேல் இரத்தப்பழி. இரத்தம் சிந்தினான் என்றே எழுதியிருக்கிறது, மனுஷனைக் கொன்றவனுக்குச் சொல்வதுபோல. தேசத்தில் குடியேறிய பிறகு கூடாரம் தூரமாகிவிடும் என்பதால் உபாகமம் 12 இதைத் தளர்த்துகிறது. இரத்தம் மட்டும் எப்போதும் கூடாது, ஏனென்றால் உயிர் அதில் இருக்கிறது. வேட்டையாடின மிருகம், பறவை என்றால் இரத்தத்தை மண்ணால் மூட வேண்டும்.

சவ்தாவின் கணவர் கோழி அறுத்த காலத்தில், கீழே மண் பரப்பி, அறுத்து, மேலேயும் மண்ணைப் போட்டு மூடி, அதற்கென்று உள்ள ஆசீர்வாதத்தைச் சொல்வாராம். சவ்தா அந்த ஆசீர்வாதத்தை முழுக்கச் சொல்லிக் காட்டினார். குரல் நடுவில் உடைந்தது, ஆனாலும் முடித்தார். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குக் கோழி அறுத்தால் அப்பா இரத்தத்தை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார், அவ்வளவுதான்.

பதில் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதில் எந்தச் சாவும் கணக்கில்லாமல் போகவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒருவரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மே 14, சனி

பெஹார். பேரன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தான். நான் என் பைபிளில் கூடவே பார்த்துக்கொண்டு வந்தேன். லேவியராகமம் 25.

ஆரம்பமே தேசம் கர்த்தருக்கென்று ஓய்வு கொண்டாடும் என்பதுதான். நீ ஓய்வு கொடு என்பதற்கு முன்னால், தேசம் ஓய்கிறது. அதற்கும் அவருக்கும் நடுவில் தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. மனுஷன் அதற்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும்.

அப்புறம் அந்த வரிசை. ஏழாம் வருஷத்தில் தானாக விளைவது உனக்கு, உன் வேலைக்காரனுக்கு, வேலைக்காரிக்கு, கூலிக்காரனுக்கு, உன்னிடத்தில் தங்கும் பரதேசிக்கு. அடுத்த வசனத்தில் உன் நாட்டு மிருகத்துக்கு, காட்டு மிருகத்துக்கு. நான் இந்த வரிசையில் இருக்கிறேன். கூலிக்காரி, பரதேசி, இரண்டாகவும். சவ்தா இருக்கிறார், தாய்லாந்துப் பையன்கள் இருக்கிறார்கள், வவ்வால் இருக்கிறது. 23-ம் வசனத்தில் மொத்தக் கணக்கும் வெளியே வருகிறது. தேசம் என்னுடையது, நிலத்தை அறுதியாய் விற்காதீர்கள், நீங்கள் எல்லோரும் என்னிடத்தில் பரதேசிகளும் புறக்குடிகளும்தான். சொந்த ஊரில் சொந்த நிலத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துச் சொல்கிறார். விசா வைத்திருப்பவர்களைப் பார்த்து மட்டும் இல்லை.

விளையை விற்காமல் எப்படிச் சமாளிப்பது என்ற அண்ணனின் கேள்வியும் அங்கேயே இருக்கிறது. ஏழாம் வருஷத்தில் என்னத்தைச் சாப்பிடுவோம் என்று கேட்பீர்களாகில், என்று 20-ம் வசனம். கேள்வி தப்பு என்று அவர் சொல்லவில்லை. ஆறாம் வருஷத்து விளைச்சல் மூன்று வருஷத்துக்கு வரும் என்று பதில் கொடுக்கிறார்.

மே 15, ஞாயிறு

அண்ணனிடம் அரை மணி நேரம். கத்தாமல் பேசினேன்.

அந்த அதிகாரத்தில் நிலம் விலை பேசுவது எப்படி என்று சொன்னேன். ஐம்பதாம் வருஷம் யூபிலி. அன்று நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பிவிடும். அதற்கு எத்தனை வருஷம் மிச்சமோ அத்தனை வருஷத்து விளைச்சலுக்குத்தான் விலை. விற்பது நிலத்தை அல்ல, அறுவடைகளின் தொகையை. நம் ஊர் ஒற்றி மாதிரிதான் அண்ணா, பணம் வாங்கு, அனுபவிக்கட்டும், திருப்பிக் கொடுத்தால் விளை நமக்கு. நீ எங்கேயோ இருந்துகொண்டு பைபிள் வாசிக்கிறாய், இங்கே வட்டி கட்டுவது நான் என்றான். அதுவும் உண்மைதான். நான் கொஞ்சம் கூட அனுப்புகிறேன் என்றேன். எப்படி அனுப்பப் போகிறேன் என்று இன்னும் யோசிக்கவில்லை.

அம்மா போனை வாங்கி, ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு மக்கா, ஒன்று வெள்ளை என்றாள். ஏழு நாள் ஆகட்டும், அதற்குள் யாருக்கும் கொடுத்துவிடாதே என்றேன். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அவளும் கொடுக்க மாட்டாள்.

மே 18, புதன்

லாக் பாஓமெர், நெருப்பு மூட்டிக் கொண்டாடும் யூதப் பண்டிகை. எங்கும் நெருப்பு, எங்கும் புகை. ஜன்னலை எல்லாம் அடைத்தேன். சவ்தாவுக்கு மூச்சு இழுக்கிறது.

மே 21, சனி

பெஹுகோத்தாய். சாபங்களைச் சத்தம் குறைத்து வேகமாகத்தான் வாசிப்பார்களாம். பேரனும் அப்படியே வாசித்தான்.

கீழ்ப்படியாவிட்டால் சிதறடிப்பேன். அப்போது நீங்கள் எதிரிகளின் தேசத்தில் இருக்கும் நாளெல்லாம், நீங்கள் கொடுக்காத ஓய்வை நிலம் எடுத்துக்கொள்ளும். ஊரே அழிந்தாலும் நிலத்துக்கு வர வேண்டிய பாக்கி வந்து சேருகிறது. நாளாகமத்தில் பாபிலோன் சிறையிருப்பின் 70 வருஷத்துக்கும் இதையே காரணமாகச் சொல்கிறது. எனக்குப் பயமாக இருந்தது. நாம் போன பிறகு நிலம் நிம்மதியாக இருக்கும் என்று வேதமே சொல்கிறது.

ஆனால் 42-ம் வசனத்தில் யாக்கோபு, ஈசாக்கு, ஆபிரகாம் என்று மூன்று பேரோடு செய்த உடன்படிக்கையை நினைப்பேன் என்றுவிட்டு, தேசத்தையும் நினைப்பேன் என்கிறார். மூன்று தகப்பன்மாரோடு நாலாவதாக மண்.

சவ்தா தூங்கிவிட்டார் என்று நினைத்தோம். அந்த வரி வந்ததும் இன்னொரு தரம் வாசி என்றார்.

மே 23, திங்கள்

மரத்தில் பழம் குறைந்துவிட்டது. காட்டில் அந்த வகைப் பழம் மிருகத்துக்கு எட்டும்வரைதான் வீட்டிலும் வைத்திருக்கலாம். அங்கே தீர்ந்தால், வீட்டில் சேர்த்து வைத்ததை வெளியே எடுத்துவைத்து, இது யாருடையதும் இல்லை என்று மூன்று பேர் முன்னால் சொல்ல வேண்டும். ஃப்ரீசரில் மசித்தது இரண்டு டப்பா இருக்கிறது. சவ்தாவுக்காக வைத்தது. எந்த நாளில் வெளியே எடுப்பது என்று பேரனிடம் கேட்க வேண்டும்.

பிள்ளைக்குக் கணக்குப் பரீட்சை கஷ்டமாம். அழுதாள்.

மே 25, புதன்

விடியற்காலை ஆம்புலன்ஸ். நெஞ்சில் சளி. ஆக்ஸிஜன்.

மே 26, வியாழன்

ஆஸ்பத்திரி. சவ்தாவின் மகள் ராத்திரி முழுக்க இருந்தாள், பகலில் நான். கையைப் பிடித்தால் பதிலுக்குப் பிடிக்கிறார், பேசவில்லை.

அண்ணன் செய்தி அனுப்பியிருக்கிறான். ஒற்றிக்கு ஆள் கிடைத்துவிட்டான், மூன்று வருஷம். தென்னையை வெட்ட மாட்டான். ஆனால் நடுவில் வாழை போடுவானாம், சுற்றி வேலி கட்டுவானாம். அம்மா சரி என்றுவிட்டாளாம். அப்படியென்றால் ஆட்டுக்கும் குட்டிகளுக்கும் புல் எங்கே, முதலில் அதைப் பேசி எழுது என்று அனுப்பினேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை. டாக்டர் வருகிறார்.