வாக்குச்சீட்டின் பின்பக்கம்

கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் எந்தத் தமிழர் வீட்டு விருந்துக்குப் போனாலும், சாப்பாடு முடிந்து காபி வருவதற்குள் அரசியல் வந்துவிடும். முதலில் தமிழ்நாடு. கூட்டணி, இடைத்தேர்தல், அடுத்த முதல்வர். அதைப் பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு அங்கே ஓட்டே கிடையாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியதும் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாயிற்று; வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையை வைத்து ஊருக்குப் போய்வரலாம், ஓட்டுப் போட முடியாது. மீதிப் பேர் கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள். வருடக்கணக்காக இங்கே வரி கட்டுகிறார்கள், ஓட்டு மட்டும் இல்லை.

அப்புறம் வெள்ளை மாளிகை. 2024-இல் இந்தப் பேச்சு உச்சத்துக்குப் போனது. ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் கமலா ஹாரிஸின் அம்மா ஷியாமளா 1958-இல் பெர்க்லிக்குப் படிக்க வந்தவர். தாத்தாவின் ஊர் மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரம். அங்கே கோயிலில் பூஜை நடந்த படம் எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றியது. ஊரிலிருந்து பெரியப்பா போன் போட்டு, "நம்ம பொண்ணுக்குத்தானே போட்டே?" என்று கேட்டார். உண்மையில் நான் யாருக்குப் போட்டாலும் ஒன்றுதான். ஜனாதிபதியைத் தீர்மானிப்பது மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகள்; கலிஃபோர்னியாவின் 54-உம் மாநிலத்தில் முதலில் வருபவருக்கே மொத்தமாகப் போகும். 1992-இலிருந்து அவை ஜனநாயகக் கட்சிக்குத்தான் போகின்றன. எந்தக் கட்சிப் பக்கமும் சாயக்கூடிய பென்சில்வேனியாவில் இருக்கும் மச்சான் வீட்டில் பிரசாரத்துக்கு வந்தவர்கள் காலிங் பெல்லைத் தேய்த்துவிட்டார்கள். எங்கள் தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒரே ஒரு அம்மாள் வந்தார். பள்ளி வாரியத்துக்கு நிற்கிறாராம். கொடி இல்லை, மைக் இல்லை, கூட ஒரு ஆள்கூட இல்லை. தொப்பி, தண்ணீர் பாட்டில், கையில் கொஞ்சம் துண்டுப் பிரசுரங்கள். திறந்த ஜீப்பில் கும்பிட்டபடி போகும் வேட்பாளர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஏதோ விற்க வந்தவர் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் நின்று பேசினார். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது, ஒரு தொடக்கப் பள்ளியை மூட வேண்டி வரலாம், எதை மூடுவது என்று வாரியம்தான் முடிவெடுக்கும் என்றார். அந்தப் பட்டியலில் என் மகள் படிக்கும் பள்ளியும் இருந்தது. வெள்ளை மாளிகையில் யார் உட்கார்ந்தாலும் இந்த விஷயத்தில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இங்கே பதிவு செய்த எல்லோருக்கும் சீட்டு தபாலிலேயே வந்துவிடும், தேர்தலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்னால். கூடவே மாநிலம் அனுப்பும் தடித்த விளக்கப் புத்தகம். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்து நானும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் விரித்து உட்கார்ந்தோம். ஜனாதிபதி தேர்வு ஒரே கட்டத்தோடு முடிந்துவிட்டது. அதற்குக் கீழேயும் பின்பக்கத்திலும்தான் நிஜத் தேர்தல்: நகர சபை, சமுதாயக் கல்லூரி வாரியம், பள்ளி வாரியம். சின்னம் எதுவும் கிடையாது. உள்ளூர்ப் பதவிகளுக்குக் கட்சிப் பெயர்கூடப் போடமாட்டார்கள். வேட்பாளர் பெயருக்குக் கீழே அவர் தொழில் மட்டும், அதுவும் மூன்று சொல்லுக்குள். நம் ஊரில் இரட்டை இலையையும் உதயசூரியனையும் எடுத்துவிட்டு வெறும் தொழிலை அச்சடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டோம்.

அதன் பிறகு மாநிலப் பிரேரணைகள், அதாவது மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவெடுக்கும் சட்டங்கள். 2024-இல் பத்து வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் எதற்கு ஆம் என்பதில்தான் சூட்சுமம். 2022-இல் வாசனைப் புகையிலைத் தடை வாக்கெடுப்புக்கு வந்தபோது, அந்தத் தடைச் சட்டத்தை ரத்து செய்யலாம் என்று வாக்கெடுப்பைக் கொண்டுவர வைத்ததே புகையிலைக் கம்பெனிகள்தான். தடை வேண்டும் என்பவர்கள்தான் 'ஆம்' போட வேண்டியிருந்தது. பிரேரணையை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர சூப்பர் மார்க்கெட் வாசலில் கையெழுத்துக் கேட்கும் பையனிடம் இப்போதெல்லாம் முழுதாகப் படிக்காமல் நான் பேனாவையே தொடுவதில்லை. அவனுக்குக் கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி. 2024-இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 18 டாலராக்கும் பிரேரணை நூலிழையில் தோற்றது. சிறையில் கட்டாய வேலை கூடாது என்பதும் தோற்றது. முற்போக்கு மாநிலம் என்று ஊருக்கு அளந்துவிடும் நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை; எல்லோரும் பென்சில்வேனியா முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு மிகவும் உறைக்கும் பிரேரணை நான் பிறப்பதற்கு முன்பே நிறைவேறியது. 1978-இன் 13-ஆம் பிரேரணை. வீட்டு வரி வாங்கிய விலையில் ஒரு சதவீதம்; அந்த மதிப்பை வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது. பெரும்பாலும் வீட்டை விற்றால்தான் புது விலைக்கு வரி. 1985-இல் ஒன்றரை லட்சம் டாலருக்கு வாங்கியவருக்கு இன்று அடிப்படை வரி சுமார் 3,300 டாலர். பக்கத்திலேயே அதே அளவு வீட்டைப் பன்னிரண்டு லட்சத்துக்கு வாங்கியவருக்கு முதல் வருடமே 12,000. குப்பை வண்டி ஒன்று, பூங்கா ஒன்று, பள்ளியும் ஒன்று. வயதானவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை விற்கக் கூடாது என்றுதான் கொண்டுவந்தார்கள் என்பார்கள், நியாயம்தான். ஆனால் புதிதாக வந்தவன் தலையில் கட்டியாகிவிட்டது, நாங்கள்தான் அந்தப் புதியவர்கள்.

இப்படிச் சொத்து வரிக்குப் பூட்டுப் போட்டதால், பள்ளிக்குப் பணம் போதாதபோது பள்ளி மாவட்டங்கள் வீட்டு மனைக்கு இவ்வளவு என்று தனி வரி கேட்டு மக்களிடம் வரும். அது நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். எங்கள் சீட்டின் கடைசி வரியில் அப்படி ஒன்று இருந்தது. மனைவி யோசிக்காமல் 'ஆம்' என்றாள். நான் கட்டுகிற தொகையை நினைத்துக் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, நானும் ஆம். உறையில் கையெழுத்துப் போட்டு, மறுநாள் நூலகத்துப் பெட்டியில் சேர்த்தேன். விரலில் மை இல்லாமல் ஓட்டுப் போட்டது போலவே இல்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எண்பதுகளில் வீடு வாங்கியவர். வேலியோரம் பார்த்தபோது இந்த வரியைப் பற்றிக் கேட்டேன். பள்ளிக்கு என்றால் அவர் எப்போதும் 'ஆம்'தானாம், இந்த முறையும் போட்டுவிட்டாராம். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு விலக்கு உண்டு. வரி நிறைவேறினால் அதற்கான படிவம் எங்கே கிடைக்கும் என்றும் விசாரித்து வைத்துவிட்டாராம்.