மகஜர் எழுதப்பட்ட இடம்

"அரிவாளை எடுத்த இடத்திலேயே மகஜர் எழுதுவோம் என்றீர்களே சார், எதன் மேல் வைத்து எழுதுவீர்கள்?" என்று அந்த நாவலாசிரியர் கேட்டார். ஒரு பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் கையெழுத்தோடு எழுதிவைக்கும் பதிவுதான் மகஜர். நான் சிறிதும் தயங்காமல், "ஜீப்பின் பானெட் மேல் வைத்துத்தான் தம்பி" என்றேன். அவர் நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்கோ அந்தக் கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. இப்போது அந்த நாவல் அச்சாகி என் மேசையில் இருக்கிறது. நான் சொன்ன பானெட்டும் அதில் இருக்கிறது.

பதினோரு ஆண்டுகள் காவல் நிலைய எழுத்தராக இருந்தவன் என்பதால்தான் அவர் தம் கையெழுத்துப் பிரதியை என்னிடம் கொண்டுவந்தார். அதைத் திருத்திக் கொடுத்ததில் எனக்கு உண்மையான மனநிறைவு இருந்தது. அவருடைய ஆய்வாளர் இரத்தம் தோய்ந்த அரிவாளைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு நேராக ஆய்வகத்துக்குப் போனார். அன்று மாலையே முடிவும் வந்துவிட்டது. ஈரத்தோடு பாலித்தீனில் அடைத்தால் இரத்தக்கறை கெட்டுப்போகும், நிழலில் உலர்த்திக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, அரக்கு முத்திரை வைக்க வேண்டும் என்றேன். பொருள் முதலில், கைப்பற்றியதை மன்றத்துக்கு அனுப்பும் படிவமான படிவம் 95உடன் நடுவர் மன்றத்துக்குப் போகும், அங்கிருந்து மன்றத்தின் கடிதத்தோடுதான் தடய அறிவியல் துறைக்குப் போகும் என்றேன். வாரங்களோ மாதங்களோ கழித்து வரும் அறிக்கையில் மனித இரத்தம் என்று மட்டும் இருந்து, வகை கண்டறிய இயலவில்லை என்று முடிந்திருக்கவும் கூடும் என்பதையும் சொன்னேன்.

அவர் கதையில் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின், ஒப்புதல் வாக்குமூலம் முழுவதையும் நீதிமன்றத்தில் வாசித்தார்கள். கதை 2016இல் நடப்பதால் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம்தான் அதற்குப் பொருந்தும். காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் 25ஆம் பிரிவின்படி செல்லாது என்பதையும், அதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதியை மட்டும் 27ஆம் பிரிவு ஏற்கும் என்பதையும் விளக்கினேன். 'அரிவாளைக் கண்மாய்க்கரை முள்ளுக்குள் மறைத்து வைத்திருக்கிறேன், அழைத்துச் சென்றால் எடுத்து ஆஜர் செய்கிறேன்' என்பது நிற்கும். 'அந்த அரிவாளால்தான் அவனை வெட்டினேன்' என்பது நிற்காது. சுதந்திரத்துக்கு முன்பே புலுக்குரி கோட்டையா வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் போட்ட கோடு அது. அந்த அத்தியாயத்தை அவர் முழுவதுமாக மாற்றி எழுதினார். இத்தனையும் சரியாகச் சொன்னவன், எதன் மேல் வைத்து எழுதுவீர்கள் என்ற எளிய கேள்விக்கு மட்டும் ஏன் அப்படிப் பதில் சொன்னேன்?

நான் சொன்னது முழுப் பொய் அன்று. பானெட் மேல் வைத்து எழுதிய நாட்களும் உண்டு. ஆனால் மூன்று கார்பன் தாள்களை இடையில் வைத்து எழுதுகிறவனுக்குத் தட்டையான, கெட்டியான பரப்பு வேண்டும். வளைந்த தகரத்தின் மேல் எழுதினால் கடைசி நகலில் பாதி எழுத்து விழாது. பெரும்பாலான மகஜர்களை நான் நிலையத்தில், என் மேசையில், டியூப் லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன்.

அதே கேள்வி அதற்கு முன்பும் ஒருமுறை என் காதில் விழுந்திருக்கிறது, அமர்வு நீதிமன்றத்தில். அந்த வழக்கில் அரிவாள் எடுக்கப்பட்டபோது நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். ஐப்பசி மாத மழை தூறிக்கொண்டிருந்தது. எதிரி சீமைக்கருவேல முள்ளுக்குள் குனிந்து போனான். சட்டை முள்ளில் மாட்டிக்கொள்ள, அதை விடுவித்துக்கொண்டே சாக்கில் சுற்றிய அரிவாளை இழுத்தான். பிடியில் விரிசல் கண்ட இடத்தில் யாரோ மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றியிருந்தார்கள். டார்ச் வெளிச்சத்தில் பார்த்த அந்தக் கம்பிச் சுற்று இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தாளை வெளியே எடுத்தால் நனைந்துவிடும் என்பதால், "ஸ்டேஷனில் போய் எழுதிக்கொள்ளலாம்" என்றார் ஆய்வாளர். எழுதினேன். சம்பவ இடத்தில் மாலை 6.15 மணிக்கு எழுதப்பட்டதாக எழுதினேன். கிராம நிர்வாக அலுவலரும் கிராம உதவியாளரும் என் மேசையருகில் நின்று கையெழுத்திட்டார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து விசாரணைக்கு வந்தது. நேரில் பார்த்த சாட்சி அதற்குள் பிறழ் சாட்சியாகிவிட்டார். மிஞ்சியது அந்த அரிவாள்தான். குறுக்கு விசாரணையில் எதிரித் தரப்பு வழக்கறிஞர், மகஜரை எதன் மேல் வைத்து எழுதினார்கள் என்று கேட்டார். பாறை மேல் என்றார் கிராம நிர்வாக அலுவலர். ஜீப்புக்குள் என்றார் கிராம உதவியாளர். அன்று மழை பெய்ததா என்று அடுத்து கேட்டார். இருவருமே ஆம் என்றார்கள். வழக்கறிஞர் மகஜரை உயர்த்தி நீதிபதியிடம் காட்டினார். ஒரு துளி படாத, ஓர் எழுத்தும் கலையாத, என் அழகான கையெழுத்து. கண்டெடுப்பையே நம்ப முடியவில்லை என்று கூறி எதிரியை விடுதலை செய்தார்கள். வெளியே வராந்தாவில் இறந்தவனின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அரிவாள எடுத்தத நீங்களும் பாத்தீங்கல்ல சாமி?" என்று கேட்டார். பார்த்தேன் அம்மா என்றேன். அதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

இந்த வழக்கை மட்டும் நினைத்துக்கொண்டால் எனக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது. பொருள் உண்மை, இடம் உண்மை, எடுத்தவன் உண்மை. எழுதிய இடம் மட்டும்தான் மாறிப்போனது, அதுவும் மழையால். ஆனால் நான் உடன் போகாமலேயே எழுதிய மகஜர்களும் இருக்கின்றன. எழுத்தர் நிலையத்தை விட்டு எல்லா நேரமும் கிளம்பிவிட முடியாது; பாரா, பந்தோபஸ்து, நீதிமன்றத் தபால் என்று தலைக்கு மேல் வேலை கிடக்கும். ஆய்வாளர் வந்து சொல்வார், நான் எழுதுவேன். 'தானாக முன்வந்து' என்று தொடங்கினால் 'ஆஜர் செய்ததை அத்தாட்சி மூலம் கைப்பற்றி' என்பது வரை கை தானாகவே ஓடும். கண்மாய் எனக்குத் தெரியும், முள் எனக்குத் தெரியும். அங்கே அரிவாள் இருந்ததா என்பதை மட்டும் சொன்னவரை நம்பி எழுதினேன். அவற்றில் சில வழக்குகள் தண்டனையில் முடிந்தன. அந்த மகஜர்களை எந்த வழக்கறிஞரும் உயர்த்திக் காட்டவில்லை.

நாவலாசிரியரிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று பலவாறாக யோசித்துவிட்டேன். நிலையத்தில் உட்கார்ந்து மகஜர் எழுதுகிறார்கள் என்று படிக்கிறவர், அரிவாளும் நிலையத்திலிருந்துதான் வந்திருக்கும் என்று நினைத்துவிடுவார். அது என்னோடு வேலை பார்த்த நேர்மையானவர்களுக்கு அநீதி என்று ஒருநாள் தோன்றும். மறுநாள், மழையில் நின்று ஆய்வாளர் சொன்னதும், நான் 6.15 என்று எழுதியதும் இதே நியாயத்தை வைத்துத்தானே என்று தோன்றும். உள்ளது உள்ளபடி தெரிய வேண்டும் என்றுதான் அந்த இளைஞர் இரண்டு பேருந்து மாறி என் வீட்டுக்கு வந்தார்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, பொருளைக் கைப்பற்றுவதையும், பட்டியல் தயாரிப்பதையும், அதில் சாட்சிகள் கையெழுத்திடுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது, கைப்பேசியே போதும். அன்று யார் கையிலாவது அப்படி ஒன்று இருந்திருந்தால் முள்ளில் மாட்டிய சட்டை பதிவாகியிருக்கும். என் மேசையும் பதிவாகியிருக்கும்.

இரண்டாம் பதிப்பு வருகிறது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள் என்று நாவலாசிரியர் எழுதியிருக்கிறார். பிரேத விசாரணை அறிக்கையில் யார் கையெழுத்திடுவது என்பது ஒன்று, அரக்கு முத்திரையின் மாதிரியைத் தனியே அனுப்புவது இன்னொன்று, இரண்டையும் எழுதிவிட்டேன். மூன்றாவதை இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். முதல் தாள் 'மழை நாட்களில்' என்று தொடங்கியது. இரண்டாவதில் 'பெரும்பாலும்' என்ற சொல்லை அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருந்தேன். அடுத்த வாரத்துக்குள் பதிப்பகத்துக்குக் கொடுக்க வேண்டுமாம்.