‘ஞ’ மறந்த ஞாயிறு

யாங்கோனில் எங்கள் கோயில் மண்டபத்தில் 19 ஆண்டுகளாக ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளியிலும் தெருவிலும் பர்மிய மொழியிலேயே புழங்கும் பிள்ளைகள். அன்றைக்குக் கிழமைகளின் பெயர்களை எழுதிப்போட வேண்டும். சாக்குக்கட்டியோடு பலகை முன்னால் நின்றேன். ‘ஞாயிறு’ என்று எழுத வேண்டும்; ‘ஞ’ வரவில்லை. சுழியை எங்கே தொடங்குவது என்று கைக்குத் தெரியவில்லை. முன்வரிசைச் சிறுமி எழுந்து வந்து, “நான் எழுதட்டுமா சயாமா?” என்று கேட்டாள். ஆசிரியையையும் பெண் மருத்துவரையும் இங்கே அப்படித்தான் அழைப்பார்கள். சாக்குக்கட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

எனக்கு அப்போது 58 வயது. அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே நான் சரியாக இல்லை. கடைக் கணக்கில் ஒரே பற்றை இரண்டு முறை எழுதினேன். காரணமில்லாமல் அழுகை வந்தது. செருப்பு காலைவிட்டுக் கழன்றதே தெரியாமல் நாலடி நடந்திருக்கிறேன். பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் யாரோ துணி விரித்துவைத்ததுபோல இருந்தது. நாக்கு வழவழவென்று சிவந்துபோய், லபெத்தோ என்ற புளிக்கவைத்த தேயிலைக் கலவையில் ஒரு துண்டு பச்சை மிளகாய் பட்டாலே எரிந்தது. இவையெல்லாம் ஒரே நோயின் விரல்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் பார்த்த மருத்துவர், கால் மரத்துப்போவது சர்க்கரையால், மறதி வயதால் என்று சொல்லி, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். என் அம்மா கடைசிக் காலத்தில் எங்களையே அடையாளம் தெரியாமல் போனவர். நானும் அந்த வழியில்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அந்த ஐந்து மாதங்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மகன்தான் வேறொரு சயாமாவிடம் அழைத்துப்போனான். இளவயது மருத்துவர். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னார். மேசையில் கொட்டிப் பார்த்தார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், 12 வருஷமாக. நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல், 6 வருஷமாக. அது நானே மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டது. அப்புறம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த டானிக்.

“மீன் சாப்பிடுவீர்களா?” “இல்லை.” “முட்டை?” “இல்லை.” “ஙப்பி?” அதுவும் இல்லை என்றதும் நிமிர்ந்து பார்த்தார். ஙப்பி என்பது புளிக்கவைத்த மீன் விழுது; இந்த நாட்டில் அது சேராத குழம்பைத் தேடத்தான் வேண்டும். வீட்டுக்காரருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது பீலிக்கான் அங்காள பரமேஸ்வரிக்கு வேண்டிக்கொண்டு 7 வருஷமாக மரக்கறி மட்டுமே சாப்பிடுகிறேன் என்றேன். பால் எவ்வளவு என்று கேட்டார். தேநீரில் விடுவதுதான்.

இசைக்கவையைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்றார். தெரியவில்லை. கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடியதும் சாய்ந்தேன், அவரே பிடித்துக்கொண்டார்.

நாலு நாளில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பி12 வைட்டமின் மில்லிலிட்டருக்கு 118 பிகோகிராம். அந்தப் பரிசோதனைக்கூடத்தின் கணக்கில் 200க்குக் கீழே போனால் குறைபாடு. சிவப்பணுக்கள் அளவில் பெருத்திருந்தன. ஆனால் ஹீமோகுளோபின் அப்படியொன்றும் குறையவில்லை. இத்தனை நாள் ஏமாற்றியது அதுதான். டானிக்கிலிருந்த ஃபோலிக் அமிலம் ரத்தசோகையை மறைத்துக்கொண்டே இருக்க, உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

சயாமா ஒரு தாளில் இரைப்பையையும் குடலையும் வரைந்து காட்டினார். உணவிலுள்ள பி12 புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அதைப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். அந்த அமிலத்தைத்தான் நான் ஒமெப்ரசோல் போட்டு அடக்கிவைத்திருந்தேன். பிரிந்த பி12, இரைப்பைச் சுவரில் சுரக்கும் ஒரு புரதத்தின் துணையோடு சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை போய், அங்கேதான் உடம்பில் சேரும். நீண்ட நாள் மெட்ஃபார்மின் அந்த இடத்தில் குறுக்கே நிற்கும். தினமும் வேண்டியதோ வெறும் 2.4 மைக்ரோகிராம். கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான கையிருப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. கையிருப்பு தீரும்போது, நரம்பு இழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை கெடத் தொடங்கும். காலும் மறதியும் அழுகையும் எனக்கு அப்படி ஒன்றாகச் சேர்ந்து வந்தவை. என் சாப்பாட்டில் பி12 குறைவு; அந்தக் கொஞ்சமும் வாசலிலேயே மறிக்கப்பட்டிருந்தது.

“குடல் உறுதியாக இருந்தால்தான் சீலம் காக்க முடியும்” என்று பர்மியரிடையே ஒரு பழமொழி உண்டு. பசித்தவனிடம் நல்லொழுக்கம் எதிர்பார்க்காதே என்ற பொருளில் சொல்வார்கள். சயாமா அதைச் சொல்லிக்கொண்டே ஊசிமருந்து எழுதிக்கொடுத்தார்.

இதையெல்லாம் மனிதர்கள் கண்டுபிடித்த கதையை மகன் பிறகு படித்துக் காட்டினான். பாஸ்டனில் வில்லியம் காசில் என்ற மருத்துவர் 1920களின் கடைசியில் அரைத்த மாட்டிறைச்சியைத் தானே சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வயிற்றிலிருந்து அதை வெளியே எடுத்து, கொடிய ரத்தசோகை வந்தவர்களுக்குக் குழாய் வழியாகக் கொடுத்திருக்கிறார். வெறும் இறைச்சி கொடுத்தபோது தேறாதவர்கள் இதில் தேறினார்கள். உணவில் ஒன்றும் இரைப்பையில் ஒன்றும் சேர்ந்தால்தான் வேலை நடக்கிறது என்று அப்படித்தான் தெரியவந்தது. பி12 பிரித்தெடுக்கப்பட்டது அதற்குப் பிறகு, 1948இல். கேட்கும்போது முகம் சுளித்தேன். ஆனால் அந்த மனிதருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஊசி 1000 மைக்ரோகிராம். இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. எங்கள் தெருவிலிருக்கும் நர்ஸ் அக்கா வந்து போட்டார். மின்சாரம் இல்லாத இரவுகளில் மகன் டார்ச் பிடித்தான். இரண்டாம் வாரம் கால் குறுகுறுப்பு முன்னைவிடக் கூடியது. பயந்துபோய் சயாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நரம்பு தேறும்போது சிலருக்கு அப்படி இருக்கும், ஊசியை நிறுத்தாதீர்கள் என்றார். முதலில் தெளிந்தது மனசுதான். மூன்றாவது வாரம் ஒரு காலை, எழுந்ததும் எனக்கே பசித்தது. காசு எடுத்துக்கொண்டு கீழே இறங்கி நான் ரொட்டியும் அவித்த கடலையும் வாங்கி வந்தேன். வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஊசியைவிட ஒமெப்ரசோலை விட்டதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிடப் பொங்கும் என்பதால், சயாமா சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு முன். கட்டிலின் தலைமாட்டுக்குக் கீழே செங்கல். புளியும் எண்ணெய்ப் பலகாரமும் இல்லை. முழுதாக விட இரண்டு மாதம் ஆனது. எனக்கு அது தேவைப்படவில்லை, அதனால் விட முடிந்தது. குடல்புண்ணுக்காக மருத்துவர் கொடுத்த மாத்திரையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. மெட்ஃபார்மினை நானும் நிறுத்தவில்லை.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். புளிக்கவைத்த தேயிலை சாப்பிடு, நீராகாரம் குடி, குடல் சரியானால் மூளை சரியாகும் என்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் வேகஸ் நரம்பில் பெரும்பாலான இழைகள் குடலிலிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவைதான். ஆனால் என் நோய்க்கு அது போதாது. பி12ஐச் செய்வது நுண்ணுயிர்கள் மட்டுமே. நம் பெருங்குடலிலும் அவை செய்கின்றன. ஆனால் உடம்பு அதை எடுத்துக்கொள்ளும் இடம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. நீராகாரத்தையும் தேயிலையையும் நம்பி நான் காத்திருந்தால் காலையும் இழந்திருப்பேன்.

வேண்டுதலை விட வேண்டுமோ என்று கலங்கினேன். தேவையில்லை என்றார் சயாமா. மருந்துக்கான பி12ஐயும் நுண்ணுயிர்களை வளர்த்துத்தான் எடுக்கிறார்களாம். அதைக் கேட்டபோது அம்மன் முன்னால் கண்ணீர் விட்டேன். இப்போது தினமும் இரண்டு வேளை தயிர், மாதம் ஓர் ஊசி.

எட்டு மாதம் ஆகிறது. இடது சுண்டுவிரல் மட்டும் இன்னும் மரத்தே இருக்கிறது. ரொம்ப நாள் விட்டுவிட்டதால் அது அப்படியே நின்றுவிடலாம் என்றார் சயாமா. வகுப்புக்குத் திரும்பிய முதல் வாரம் கிழமைகளையே மறுபடி எடுத்தேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று ஏழையும் நானே எழுதினேன்.

மோல்மேன் நகரில் இருக்கும் அக்காவும் பல வருஷமாக இதே இரண்டு மாத்திரைகளையும் போடுகிறார். கொஞ்ச நாளாக அடுப்பை அணைக்க மறக்கிறார் என்று மருமகள் சொல்லியிருந்தாள். “வயசாச்சு, விடு” என்ற அக்காவை மூன்று முறை தொலைபேசியில் கெஞ்சி ரத்தம் எடுக்கவைத்தேன். போன வாரம் முடிவு வந்தது: 164. திங்கட்கிழமை முதல் ஊசி. நான் நாளை இரவுப் பேருந்தில் கிளம்புகிறேன்.