அம்மம்மாவின் காது

மாங்குளத்துக்கு அருகே உள்ள எங்கள் வீட்டில், கனடாவிலிருந்து மாமா எடுக்கும் அழைப்புகளை அம்மம்மா தன்னுடைய பழைய பொத்தான் போனில்தான் கேட்பார். ஒரு ஞாயிறு காலை மாமா வழமைபோல, "சாப்பிட்டியளோ அம்மா?" என்று தொடங்கியபோது, அதற்குப் பதில் சொல்லாமல், "என்ன மோனை, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டார். மாமா ஒன்றுமில்லை என்று மழுப்பிவிட்டார். வேலை போய்விட்டதென்பதை மறுநாள்தான் அம்மாவிடம் சொன்னார்.

மாமாவின் அந்த இரண்டே சொற்களில் அம்மம்மாவின் காதுக்கு என்ன பிடிபட்டது என்பதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பதற்றத்தில் தொண்டைத் தசைகள் இறுக, குரல்நாண்கள் இழுபட்டு வேகமாக அதிர்வதால் குரலின் சுருதி ஏறுகிறது. துயரத்தில் பெரும்பாலும் சுருதி தணிந்து, ஏற்ற இறக்கம் குறைந்து, பேச்சு மெதுவாகிறது. ஆனால் அந்தப் போன் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான, அதாவது நொடிக்கு அத்தனை தடவை அதிரும், ஒலியைத்தான் கடத்தும். ஆணின் குரல்நாண்கள் பேசும்போது நொடிக்கு 100 முதல் 150 தடவை வரைதான் அதிர்கின்றன என்பதால், மாமாவின் அடிச்சுருதி அம்மம்மாவின் காதுக்கு வந்து சேர்வதே இல்லை. அடிச்சுருதியின் மடங்குகளாக அதனோடு எழுந்து வந்து சேரும் மேற்சுரங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைக் கொண்டு, வராத அந்தச் சுருதியை மூளையே மீட்டெடுத்துக்கொள்கிறது. இதை அறிந்த நாளில் எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

குரல் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நான் நம்பவில்லை. கோபமும் பெருமகிழ்ச்சியும் இரண்டுமே குரலை உயர்த்தி விரைவாக்குபவை. சுருதியை மட்டும் வைத்து அவற்றைப் பிரிப்பது கடினம். நமீபியாவின் ஹிம்பா மக்களையும் ஆங்கிலேயரையும் ஒப்பிட்டு டிஸா சவுட்டர் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், அச்சம், கோபம், துயரம் போன்றவற்றின் சொல்லற்ற ஒலிகளை இரு சாராரும் ஒருவருக்கொருவர் அடையாளம் கண்டார்கள்; மகிழ்வான உணர்வுகளில் சிரிப்பைத் தவிரப் பெரும்பாலானவை அவ்வாறு எல்லை தாண்டவில்லை.

அம்மம்மாவும் தவறியிருக்கிறார். புதிதாக வந்த மச்சாளின் குரல் இயல்பிலேயே தணிந்தது. அதை முதல் சில மாதங்கள் மனவருத்தம் என்றே எடுத்துக்கொண்டு, சமையலறையில் அவரிடம் திரும்பத் திரும்ப விசாரித்தார். ஒருவருடைய சாதாரண நாளின் குரல் பழகினால்தான் அதிலிருந்து விலகும் குரல் பிடிபடும் போலும். இப்போது மச்சாள் ஒரு சொல்லைச் சற்று விரைந்து சொன்னாலே, அரிசி புடைத்துக்கொண்டிருக்கும் அம்மம்மாவின் சுளகு நின்றுவிடுகிறது.