பழைய செரோக்கியில் ஜெனரேட்டர் போய் ஆல்டர்னேட்டர் வந்தது

1960களின் தொடக்கத்தில் வந்த பைப்பர் செரோக்கி என்ற சிறு விமானம், அமெரிக்கப் பதிவு. லைகாமிங் ஓ-320 இன்ஜின், 12 வோல்ட் பேட்டரி, 35 ஆம்பியர் ஜெனரேட்டர். 100 வாட் லேண்டிங் லைட் ஒன்றே 7, 8 ஆம்பியர் இழுக்கும். ஐடிலில் (இன்ஜின் மிகக் குறைந்த வேகத்தில் ஓடும்போது) ஜெனரேட்டர் அநேகமாக ஒன்றுமே தராது. இரவில் தரையில் விமானத்தை ஓட்டிப் போகும்போது பாரமெல்லாம் பேட்டரி தலையில்தான். 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஐடிலிலேயே சார்ஜ் செய்யும்.

ஸ்பானரைத் தொடும் முன் காகிதம். கார் ஆல்டர்னேட்டர் பார்க்க அச்சு அசலாக இருந்தாலும் இங்கே செல்லாது. எஸ்.டி.சி. (விமானத்தில் மாற்றம் செய்ய அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. தரும் துணைச் சான்றிதழ்) உள்ள கிட் வேண்டும், அதன் மாடல் பட்டியலில் உங்கள் விமானம் இருக்க வேண்டும், எஸ்.டி.சி. வைத்திருப்பவரின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும். பிறர் கழற்றிய கிட்டை மலிவாக வாங்குபவர்கள் சிக்குவது இந்தக் கடிதத்தில்தான். பெரிய மாற்றங்களைப் பதியும் படிவம் 337-இல் கையெழுத்துப் போடப்போகிற ஐ.ஏ. (ஆய்வு அதிகாரம் பெற்ற) மெக்கானிக்கிடம் எல்லாவற்றையும் முதலிலேயே காட்டிவிடுங்கள். ஸ்டார்ட்டர் ரிங் கியரோடு சேர்ந்த புல்லியில் இரண்டு அளவு உண்டு. அளந்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

மாட்டுவது எளிது. பழைய மூன்று-ரிலே ரெகுலேட்டர் முழுதாக வெளியே போகும். புதிய ரெகுலேட்டர், ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு, 5 ஆம்பியர் ஃபீல்டு (ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருள்) பிரேக்கர், 60 ஆம்பியர் அவுட்புட் பிரேக்கர், ஆல்டர்னேட்டருக்குத் தனி சுவிட்ச் வரும். 35 ஆம்பியருக்குப் போட்ட ஒயரை அப்படியே விடக்கூடாது. ஜெனரேட்டர் பழக்கத்தில் யாராவது 'போலரைஸ்' செய்ய (காந்த முனையைச் சரிப்படுத்த நொடி நேரம் மின்சாரம் பாய்ச்ச) வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், டயோடு போய்விடும்.

தலைவலி பழைய ஒயரிங்கில். ஓடவிட்டதும் அம்மீட்டர் முள் இடமும் வலமும் துடிக்கும். உடனே புது ரெகுலேட்டர் மேல் பழி விழும். பெரும்பாலும் குற்றவாளி தேய்ந்த சுவிட்ச், பிரேக்கர், துருப்பிடித்த முனை. ஃபீல்டு மின்னோட்டம் ஏற ஏற அந்த இடத்தில் வோல்ட் இறங்கும். குறைவாக இருக்கிறதென்று ரெகுலேட்டர் இன்னும் ஏற்றும். பஸ் (எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரம் பிரியும் பொதுப் பட்டை) வோல்டேஜ் எகிறியதும் வெட்டும். மறுபடி அதே கதை. இன்ஜினை நிறுத்தி, சுவிட்சுகளைப் போட்டு, பஸ்ஸுக்கும் ரெகுலேட்டர் உள்ளீட்டுக்கும் இடையே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட் காட்டினாலே ஒவ்வொரு இணைப்பாகத் தேடவேண்டியதுதான். இன்ஜின் எர்த் பட்டையையும், அந்தக்கால அலுமினியப் பேட்டரி கேபிளையும் விடாதீர்கள்.

ஓடும்போது பஸ்ஸில் 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும். 60 ஆம்பியர் இருக்கிறதென்று ஏவியானிக்ஸை (விமான மின்னணுக் கருவிகளை) அடுக்காதீர்கள். தொடர் சுமை 48 ஆம்பியரைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

பிறகு லாக்புக் பதிவு, உபகரணப் பட்டியல், எடை-சமநிலைக் கணக்கு (மூக்கில் எடை குறைவதால் ஈர்ப்பு மையம் சற்றுப் பின்னே போகும்), பராமரிப்புக் குறிப்புகள். படிவம் 337-இன் ஒரு பிரதி உங்களுக்கு. மற்றொன்று 48 மணி நேரத்துக்குள் எஃப்.ஏ.ஏ.வுக்கு.

பெல்ட்டைப் புதிதாகவே போடுங்கள். பின்னால் மாற்ற ப்ரொப்பெல்லரையே கழற்ற வேண்டும். புது பெல்ட் நீளும், 25 மணி நேரப் பறத்தலுக்குப் பின் இறுக்கத்தை மறுபடி பாருங்கள்.