கடுக்காய் வாசனை

நகரியில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் நான். எனக்குத் துணி என்றால் மீட்டர் கணக்குதான். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவைக் காளஹஸ்திக்குக் கூட்டிப்போனேன். கோயில் முடிந்து வரும் வழியில், கைவினை கற்றுத்தரும் ஒரு பள்ளியில் மாணவர்களின் கலம்காரிக் கண்காட்சி. கலம்காரி என்றால் மூங்கில் பேனாவால் துணியில் வரையும் ஓவியம்.

ராமாயணமும் கிருஷ்ணரும்தான் இருக்கும் என்று நினைத்து நுழைந்தால், ஒரு துணி முழுக்க பஸ் ஸ்டாண்ட்! பூக்காரி, நெல் மூட்டை, பெஞ்சுக்கு அடியில் தூங்கும் நாய். ஆனால் கோடு அதே பழைய மூங்கில் பேனாக் கோடு.

வரைந்த பெண்ணிடம் அந்தக் கோட்டின் கருப்பு நிறத்தைப் பற்றிக் கேட்டேன். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் ஊறவிட வேண்டுமாம். துணியை முன்பே கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து நனைத்துக் காயவைத்திருப்பார்கள். இரும்புச் சாறு கடுக்காயில் பட்டதும் கருத்துவிடுகிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் முதலில் படிகாரம். "பால் சேர்க்கலேன்னா கோடு பரவிடும் அண்ணா" என்றாள், தெலுங்கு வாசம் வீசும் தமிழில்.

பெரியம்மா துணியை முகர்ந்து பார்த்து, "லேகியம் மாதிரி இருக்குடா" என்றாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இந்த ஊர்க் கலம்காரிக் கலைஞர் குரப்பச் செட்டிக்கு 2008-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எனக்கு ஒரு குறைதான்: விலைச் சீட்டில் எத்தனை நாள் வேலை என்று போடவில்லை. போட்டிருந்தால் யாரும் பேரம் பேச மாட்டார்கள்.

ஒரு சின்னத் துண்டு வாங்கினேன். பூஜை அறைக்கு வேண்டும் என்கிறாள் பெரியம்மா. தருவதாக இல்லை.